அலுமினியம் வெட்டுகிற சிஎன்சி ரவுட்டர்: ஆடாமல் அசையாமல் கட்டுவது எப்படி

வீட்டில் சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்கிறபடி கட்டரை நகர்த்தி வெட்டுகிற மெஷின்) கட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றுகிற மோட்டார்) வாங்குகிறார்கள், அப்புறம் மோட்டார், அப்புறம் கன்ட்ரோலர். மெஷினின் உடம்பு கடைசியில்தான் வருகிறது, மிச்சமிருக்கிற காசில். மரம், எம்டிஎஃப், அக்ரிலிக் வெட்ட அப்படிக் கட்டினாலும் ஓடிவிடும். அலுமினியத்தில் கட்டரை இறக்கினால் முதல் பத்து வினாடியிலேயே கீச்சென்று ஒரு சத்தம் வரும், வெட்டின இடம் அலையலையாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் கட்டர் உடையும். பவர் போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரிய ஸ்பிண்டில் வாங்குவதுதான் அடுத்து நடக்கும். பவர் போதும், பிரச்சினை அங்கே இல்லை. கட்டரின் நுனிக்கும் பிடித்திருக்கிற பொருளுக்கும் நடுவே எத்தனை இடம் இளகுகிறது என்பதுதான் விஷயம், இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

இங்கே சொல்லப்போகிற மெஷின் சின்னது. எக்ஸ் 400 மிமீ, ஒய் 300 மிமீ, இசட் 100 மிமீ நகரும், அவ்வளவுதான். நான்கடிக்கு நான்கடி வேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள், ஏன் என்று கீழே கணக்கோடு வருகிறது.

எதை வெட்டலாம்

அலுமினியம், பித்தளை, தாமிரம் இதெல்லாம் இந்த வகை மெஷினில் நன்றாகவே வெட்டலாம். மைல்ட் ஸ்டீல் வெட்டலாம், ஆனால் பொறுமை வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மறந்துவிடுங்கள். காரணம் வேகம். 6 மிமீ கார்பைடு எண்ட் மில்லை (நுனியிலும் பக்கவாட்டிலும் வெட்டுகிற கட்டர்) 18,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் வெட்டு விளிம்பு நிமிடத்துக்கு 340 மீட்டர் வேகத்தில் ஓடும், அலுமினியத்துக்கு இது சரியான வேகம். ஸ்டீலுக்கு 100 மீட்டர் பக்கத்தில் வைத்தால்தான் கட்டர் பிழைக்கும், அதாவது 5,300 ஆர்பிஎம். 24,000 ஆர்பிஎம்முக்கு என்று செய்த 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் அந்த வேகத்தில் அரை கிலோவாட்தான் தரும்.

அலுமினியத்திலும் எல்லாம் ஒன்றல்ல. கடையில் வெறுமனே அலுமினியத் தகடு என்று கேட்டால் பாத்திரம் செய்கிற மாதிரி மெத்தென்ற ரகம் கையில் வரும், அது கட்டரில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். 6061 அல்லது 6082 என்ற கலவை ரகம் கேளுங்கள். நம்மூர் உலோகக் கடைகளில் ஹெச்இ30 என்று சொன்னால் கிடைப்பது 6082 வகைதான்.

கொஞ்சம் கணக்கு, தாண்டிப் போகாதீர்கள்

இரண்டு பக்கமும் தாங்கிய ஒரு கம்பத்தின் நடுவில் அழுத்தினால் அது வளைகிற அளவு, நீளத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. பெரிய மெஷின் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். உயரம் வேறு பக்கம் வேலை செய்யும்: அதே அகலமுள்ள கட்டையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

மேசைக்கு மேலே வாசல் மாதிரி நின்று ஸ்பிண்டிலைச் சுமக்கிற சட்டகம்தான் கேன்ட்ரி. அதன் குறுக்குக் கம்பம் 700 மிமீ நீளம், நடுவில் 200 நியூட்டன் (ஏறக்குறைய 20 கிலோ எடை) அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைனில் கிட்டாக விற்கிற 40-க்கு 40 அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் ஒன்றே ஒன்று இருந்தால் சுமார் 0.2 மிமீ வளையும். 100-க்கு 100, 6 மிமீ கனமுள்ள எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ஸ்கொயர் டியூப் இருந்தால் 0.002 மிமீ. நூறு மடங்கு வித்தியாசம், விலையில் டியூப் அப்படியொன்றும் எட்டாத பொருள் இல்லை. ஸ்டீலின் விறைப்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு, மீதி எல்லாம் வடிவத்தால் வருகிற லாபம்.

இதோடு கணக்கு முடியவில்லை. கட்டர் கேன்ட்ரிக்கு நேர் கீழே இல்லை, அதன் மையத்திலிருந்து 200 மிமீ தள்ளி, கீழே தொங்குகிறது. அதனால் வெட்டும்போது கம்பம் வளைவதோடு முறுக்கவும் செய்யும். அதே ஸ்கொயர் டியூப்பில் அந்த முறுக்கலால் கட்டர் நுனி நகர்வது 0.0035 மிமீ, அதாவது வளைவைவிட அதிகம். கம்பத்தை எல்லாரும் வளைவுக்குப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள், முறுக்கலைக் கண்டுகொள்வதில்லை. நாலு பக்கமும் மூடிய பெட்டி வடிவம் முறுக்கலை நன்றாகத் தாங்கும். ஒரு பக்கம் திறந்திருக்கிற சி சேனல் அதே அளவில் இருந்தாலும் முறுக்கலில் நூறு மடங்குக்கு மேல் பலவீனம். அதனால் கேன்ட்ரிக்குச் சேனல் வேண்டாம், ஒயர் விடுவதற்கென்று டியூப்பின் ஒரு பக்கத்தை நீளமாக வெட்டித் திறக்கவும் வேண்டாம்.

இப்போது இந்த எண்களைப் பாருங்கள். கம்பம் மொத்தமாகக் கொடுக்கிறது 0.006 மிமீகூட இல்லை. ஆனால் கட்டி முடித்த மெஷினை அளந்தால் அதைப்போலப் பத்து மடங்கு நகரும். எங்கே போயிற்று? ரெயிலில் ஓடுகிற பேரிங் பிளாக், போல்ட் போட்ட இணைப்பு, இசட் தகடு, ஸ்பிண்டில் பிடி, ஸ்குரூ முனை, கட்டர் இவை எல்லாம் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் கொடுக்கிற இளக்கம் ஒன்றோடொன்று கூடும். கால் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கயிறு தொய்ந்த கட்டில் தொய்ந்ததுதான். ஆக, காசையும் நேரத்தையும் இருக்கிறதிலேயே மெலிந்த இடத்தில் போட வேண்டும்.

எந்த அமைப்பு

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது: கேன்ட்ரி நிலையாக நிற்கட்டும், மேசை நகரட்டும். கேன்ட்ரி நகர்கிற அமைப்பில் இடம் மிச்சமாகும், ஆனால் அதன் இரண்டு கால்களும் உயரமாக நின்று முன்னும் பின்னும் ஆடும், அதைச் சரிக்கட்டப் பக்கச் சுவரை உயர்த்தி ரெயிலை மேலே வைக்க வேண்டியிருக்கும், வேலை கூடிக்கொண்டே போகும். நிலையான கேன்ட்ரியை நீங்கள் எவ்வளவு கனமாகவும் செய்யலாம், மோட்டார் அதை இழுக்கப் போவதில்லையே. குறை ஒன்றுதான்: 300 மிமீ நகர்கிற மேசைக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீளமான அடித்தளம் வேண்டும்.

பெரிய அளவுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் பிரிண்ட்என்சி என்ற திறந்தநிலை வடிவமைப்பைப் பாருங்கள். அது கேன்ட்ரி நகர்கிற வகை, ஆனால் உடம்பு முழுக்க ஸ்டீல் டியூப், அதனால் அலுமினியத்துக்குத் தாங்கும்.

உடம்பு

அடித்தளத்துக்கும் கேன்ட்ரிக்கும் 100-க்கு 100, 6 மிமீ ஸ்கொயர் டியூப். 2, 3 மிமீ கனமுள்ளது மலிவு, ஆனால் போல்ட் இறுக்குகிற இடத்தில் சுவரே உள்வாங்கும், தட்டினால் தகர டப்பா மாதிரி ஒலிக்கும். 6 மிமீ சுவரில் எம்5 மரை நேரடியாகப் போடலாம், ஏழு சுற்று மரை கிடைக்கும், போதும்.

அடித்தளத்தை வெல்டிங் செய்யுங்கள், கேன்ட்ரியின் கால்களை அடித்தளத்தோடு போல்ட் போட்டு இணையுங்கள். எல்லாவற்றையும் வெல்டிங் செய்துவிட்டால் அப்புறம் மூலைமட்டம் சரிசெய்ய வழியிருக்காது. வெல்டிங் ஆறும்போது சுருங்கி இழுக்கும், அதனால் முதலில் எல்லா மூலையிலும் பொட்டுப் பொட்டாக டேக் வைத்து, குறுக்கு அளவு இரண்டும் சமமா என்று டேப்பால் பார்த்துவிட்டு, எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிச் சிறு சிறு துண்டாக ஓட்டுங்கள். வெல்டருக்கு இதைச் சொல்லாவிட்டால் ஒரே மூச்சில் ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் போவார். முழுக்க மூடிய டியூப்பை வெல்டிங் செய்வதற்கு முன் உள்ளே இருக்கிற காற்று வெளியேற ஒரு சின்ன ஓட்டை போட்டுவிடுங்கள். பக்கத்தில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிற இடம் இருந்தால் 600 டிகிரி பக்கத்தில் ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூடாக்கி மெல்ல ஆறவிட்டு வெல்டிங்கின் உள்ளிழுப்பைப் போக்குவது) செய்து வாங்குவது நல்லது, இல்லாவிட்டாலும் மெஷின் நின்றுவிடாது.

அடுத்ததுதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிற இடம்: ரெயில் உட்காரும் முகம். டியூப்பின் முகம் பார்க்க மட்டமாக இருக்கும், மூலைமட்டத்தின் விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் குழிவு தெரியும். அதில் ரெயிலை இறுக்கினால் ரெயிலும் அதே வளைவை எடுத்துக்கொள்ளும், பிளாக் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். முழுச் சட்டகத்தையும் பெரிய மில்லிங் மெஷினில் ஏற்றி முகம் எடுப்பது உத்தமம். கோயம்புத்தூர் குறிச்சி, கணபதி, சென்னை அம்பத்தூர், கிண்டி பக்கமெல்லாம் ஜாப் ஒர்க் செய்து தருகிற பட்டறைகள் இருக்கின்றன, ஆனால் வெல்டிங் சட்டகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் பாதிப் பேர் இடமில்லை என்பார்கள்.

அதற்கு வேறொரு வழி உண்டு. 20 மிமீ கனமுள்ள எம்எஸ் தகட்டை மட்டும் எடுத்துப்போய் இரண்டு முகமும் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்து வாங்குங்கள், தகடு என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். கேன்ட்ரிக்கு 160 மிமீ உயரத் தகடு எடுத்தால் எக்ஸ் ரெயில் இரண்டையும் நல்ல இடைவெளி விட்டுப் பொருத்தலாம், டியூப்பின் 100 மிமீ முகத்தில் அது முடியாது. தகட்டை நேரடியாக டியூப்போடு இறுக்கினால் டியூப்பின் குழிவுக்குத் தகடும் வளைந்துவிடும். அதனால் நடுவில் ஸ்டீல் தூள் கலந்த எபாக்சியைப் பூசி, போல்டைக் கை இறுக்கத்தில் மட்டும் விட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அப்புறம் ஸ்பேனர் போடுங்கள். குழிவை எபாக்சி நிரப்பியிருக்கும், தகடு தன் மட்டத்திலேயே நிற்கும். அடித்தளத்தில் ஒய் ரெயிலுக்கும் இதே முறைதான், அங்கே இரண்டு தகடும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்பதையும் எபாக்சி இளகியிருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

டியூப்புக்குள் மணல் நிரப்பலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். நிரப்பலாம், நல்லது. விறைப்பு அதனால் பெரிதாகக் கூடாது, ஆனால் அதிர்வை உறிஞ்சும், கீச்சுச் சத்தம் குறையும். மணலை வாணலியில் வறுத்து ஈரம் போக்கிவிட்டு நிரப்புங்கள், இல்லாவிட்டால் உள்ளேயே துருப்பிடிக்கும். வெல்டிங் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் இது. கருங்கல் ஜல்லித்தூளை எபாக்சியோடு கலந்து நிரப்பினால் இன்னும் நன்றாக இருக்கும், எபாக்சிச் செலவு மட்டும் கண்ணைக் கட்டும்.

ரெயிலும் ஸ்குரூவும்

கீழே தாங்கல் உள்ள உருண்டை ரெயில் (எஸ்பிஆர் என்று விற்பார்கள்) மரத்துக்குப் போதும், உலோகத்துக்கு வேண்டாம். சதுர முகமுள்ள 20 மிமீ ரெயில், அதாவது ஹெச்ஜிஆர் 20, ஒவ்வொரு அச்சுக்கும் இரண்டு ரெயில், நான்கு பிளாக். இந்த ரெயிலைச் செய்கிற ஹைவின் தைவான் கம்பெனி, அந்தப் பெயரை ஒட்டி விற்பதெல்லாம் அங்கிருந்து வந்தது இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பிளாக் ரெயிலை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்று வகை கேட்டால் இசட்ஏ கேளுங்கள். பழைய டிஹெச்கே (ஜப்பான் கம்பெனி) ரெயில் எடைக்குக் கிடைத்தால், பிளாக்கைக் கையால் தள்ளிப் பார்த்து, பக்கவாட்டில் ஆட்டமில்லாமல் சீராக ஓடினால் தாராளமாக எடுக்கலாம்.

முதல் ரெயிலை நேர் விளிம்புக்கு ஒட்டிப் பொருத்துங்கள். இரண்டாவதை லேசாக மாட்டிவிட்டு, முதல் ரெயிலின் பிளாக்கில் நுண்ணிய நகர்வைக் காட்டுகிற டயல் கேஜைப் பிடித்து இரண்டாவதன் பக்கவாட்டை வருடிக்கொண்டே போங்கள், முள் 0.02 மிமீக்குள் நிற்கும்வரை தட்டித் தட்டிச் சரிசெய்யுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்க வேண்டும். எம்5 போல்டுக்கு ஸ்டீலில் 9 நியூட்டன் மீட்டர் போல. கடைசியில் வண்டியை (பிளாக்குகள்மேல் பொருத்தி நகர்கிற தகடு) ஒரு விரலால் தள்ளினால் முழு நீளமும் ஒரே மாதிரி ஓட வேண்டும், எங்காவது முரண்டு பிடித்தால் அங்கே இணையாக இல்லை.

அச்சை நகர்த்துகிற ஸ்குரூ 16 மிமீ விட்டம், 5 மிமீ பிட்ச் பால் ஸ்குரூ, 1605 என்று கேளுங்கள். 3டி பிரிண்டரில் வருகிற 8 மிமீ லீட் ஸ்குரூ இங்கே ஆகாது. ஸ்குரூவைப் பிடிக்கிற பிகே12 தாங்கியில் ஒரு சூது உண்டு: மலிவானவற்றில் சாதாரணப் பேரிங் போட்டிருப்பார்கள், ஸ்குரூவைப் பிடித்து நீளவாக்கில் தள்ளினால் ஆடும். 7001 ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் இரண்டை வாங்கி எதிரெதிராகப் போட்டு நட்டை இறுக்கினால் அந்த ஆட்டம் போய்விடும். மொத்த மெஷினிலும் குறைந்த செலவில் நிறையப் பலன் தருகிற வேலை இது.

இசட் அச்சு

மெலிந்த இடம் பெரும்பாலும் இங்கேதான். தயாராக விற்கிற இசட் மாட்யூல்களில் 10 மிமீ தகடும் நெருக்கமான பிளாக்குகளும் இருக்கும். நீங்கள் 20 மிமீ அலுமினியத் தகடோ எம்எஸ் தகடோ போடுங்கள், மேல் கீழ் பிளாக்குகளுக்கு நடுவே முடிந்தவரை இடைவெளி விடுங்கள், ஸ்பிண்டில் எக்ஸ் ரெயிலிலிருந்து எவ்வளவு முன்னால் தள்ளியிருக்கிறதோ அதைக் குறையுங்கள். இசட்டுக்கு 100 மிமீக்கு மேல் நகர்வு வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடலாம், நீங்கள் வெட்டப்போவது பாதி அங்குலத் தகடுதானே. ஸ்பிண்டிலை ஒற்றை வளையத்தில் தொங்கவிடாமல் இரண்டு பிடியாகப் போடுங்கள், கீழ்ப் பிடி மூக்கை ஒட்டி இருக்கட்டும்.

மோட்டார், ஸ்பிண்டில், மின்சாரம்

இதெல்லாம் வாங்கி மாட்டுகிற சமாச்சாரம், சுருக்கமாகச் சொல்கிறேன். நீமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார், 3 நியூட்டன் மீட்டர், முடிந்தால் க்ளோஸ்டு லூப் (தன் நிலையைத் தானே சரிபார்க்கிற வகை), 48 வோல்ட் சப்ளை. மைக்ரோஸ்டெப் 1600 (ஒரு சுற்றுக்கு 1600 ஸ்டெப்) வைத்தால் 5 மிமீ பிட்சுக்கு ஒரு மிமீக்கு 320 ஸ்டெப். கன்ட்ரோலர் மென்பொருளுக்கு ஜிஆர்பிஎல் போதும், தேறியபின் லினக்ஸ்சிஎன்சி பக்கம் போகலாம்.

ஸ்பிண்டில் 80 மிமீ விட்டம், 2.2 கிலோவாட், தண்ணீர்க் குளிர்ச்சி, கட்டரைக் கவ்விப் பிடிக்க இஆர் 20 கோலட். விஎஃப்டியை (ஸ்பிண்டிலுக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தை மாற்றுகிற பெட்டி) மாட்டி உடனே ஓடவிடாதீர்கள். நிறைய விஎஃப்டிகள் 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு அமைத்தபடி வரும், இந்த ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸில் 220 வோல்ட் வாங்குவது. அடிப்படை அதிர்வெண், உச்ச அதிர்வெண் இரண்டையும் 400 என்று மாற்றாமல் ஓட்டினால் 50 ஹெர்ட்ஸிலேயே முழு வோல்டேஜும் போய் காயில் எரிந்துவிடும். ஸ்பிண்டில் உடம்புக்கு எர்த் கட்டாயம், ஒயர் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். விஎஃப்டியை அணைத்த பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும், சில நிமிடம் பொறுத்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் மென்பொருளுக்குச் சொல்வதோடு நிற்காமல் ஸ்பிண்டிலையும் மோட்டார்களையும் உண்மையாகவே நிறுத்த வேண்டும்.

அளந்து பாருங்கள்

வெட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்றை எடுத்து ஸ்பிண்டில் மூக்கில் மாட்டி 10 கிலோ காட்டும்வரை இழுங்கள், அது ஏறக்குறைய 100 நியூட்டன். காந்த அடி உள்ள டயல் கேஜை மேசையில் நிறுத்தி, அதன் முள் மூக்கைத் தொடும்படி வையுங்கள். மேசை அலுமினியமாக இருந்தால் காந்தம் ஒட்டாது, ஒரு இரும்புத் துண்டைக் கிளாம்ப் செய்து அதன்மேல் நிறுத்துங்கள். 0.01 மிமீ நகர்ந்தால் பிரமாதம். 0.02 என்றால் அலுமினியம் நிம்மதியாக வெட்டலாம். 0.05-க்கு மேல் போனால் கீச்சுச் சத்தம் நிச்சயம்.

இனி கேஜை ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு நகர்த்துங்கள். மூக்கில் 0.05, இசட் தகட்டில் 0.045, எக்ஸ் வண்டியில் 0.012, கேன்ட்ரியில் 0.006 என்று வந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது: இசட் தகட்டுக்கும் எக்ஸ் வண்டிக்கும் நடுவே 0.033 போகிறது, இசட் பிளாக்கோ அதன் போல்டோ தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி இழுங்கள், இப்போது வேறொன்று முதலிடத்துக்கு வரும். எக்ஸ், ஒய் இரண்டு திசையிலும் செய்ய வேண்டும், மோட்டார் பவரில் பிடித்திருக்க வேண்டும்.

இதோடு டிராமிங், அதாவது ஸ்பிண்டில் மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பது: ஸ்பிண்டிலில் ஒரு கையை மாட்டி அதில் டயலைப் பிடித்து, 200 மிமீ வட்டமாக மேசையில் சுற்றுங்கள். நான்கு புள்ளியிலும் 0.02-க்குள் வரும்வரை ஸ்பிண்டில் பிடிக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வையுங்கள்.

முதல் வெட்டு

கண்ணாடி போடுங்கள், கையுறை போடாதீர்கள், சுற்றுகிற ஸ்பிண்டில் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். 6 மிமீ ஒற்றை வெட்டு கார்பைடு எண்ட் மில், கோலட்டிலிருந்து தேவைக்கு மேல் ஒரு மிமீகூட நீட்டாதீர்கள். கட்டருக்கும் அதே மூன்றாம் அடுக்குதான்: 20 மிமீ நீட்டுவதற்குப் பதில் 30 நீட்டினால் மூன்று மடங்குக்கு மேல் வளையும்.

18,000 ஆர்பிஎம், ஃபீட் (கட்டர் நகர்கிற வேகம்) நிமிடத்துக்கு 900 மிமீ, ஆழம் 0.5 மிமீ. இதில் ஒரு சுற்றுக்கு 0.05 மிமீ சீவல் வரும். சத்தம் சீராக இருந்தால் ஆழத்தை 1 மிமீ வரை ஏற்றுங்கள். புதியவர்கள் பயத்தில் ஃபீடைக் குறைப்பார்கள், அலுமினியத்தில் அது எதிர்மாறாக வேலை செய்யும்: கட்டர் சீவாமல் தேய்க்கும், சூடேறும், உலோகம் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும், டக்கென்று ஒடியும். கீச்சுச் சத்தம் வந்தால் முதலில் ஆர்பிஎம்மைக் குறைத்துப் பாருங்கள், அப்புறம் ஆழத்தை. ஃபீடைக் கடைசியாகத் தொடுங்கள். சீவல் வெளியேற காற்றுக் குழாய் ஒன்று எப்போதும் ஊதிக்கொண்டிருக்கட்டும், நீரில் கலக்கிற கட்டிங் ஆயில் சொட்டுச் சொட்டாக விட்டால் இன்னும் நல்லது. மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் உண்டு, மூடிய அறையில் 18,000 ஆர்பிஎம்முக்குப் பக்கத்தில் அதைப் புகையாக அடிப்பது புத்திசாலித்தனம் இல்லை.

பள்ளம் வெட்டுவது பழகிய பிறகு அடாப்டிவ் பாதைக்கு (முழு அகலமும் கடிக்காமல் ஓரமாகச் சீவிக்கொண்டே போகிற பாதை) மாறுங்கள், ஃப்யூஷன், ஃப்ரீகேட் மென்பொருள் இரண்டிலும் உண்டு. ஆழம் 6 மிமீ, பக்கவாட்டில் கடிப்பது 0.6 மிமீ மட்டும், ஃபீட் 1,500. கடி மெலிதாக இருப்பதால் ஃபீடை ஏற்றினாலும் சீவல் கனம் அதேதான், கட்டரின் நுனி மட்டும் தேயாமல் முழு விளிம்பும் வேலை செய்யும்.

முதல் சில மணி நேர வெட்டுக்குப் பிறகு எல்லாப் போல்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், சில கட்டாயம் இளகியிருக்கும். அப்புறம் தராசையும் டயலையும் மறுபடி எடுங்கள். எண் பழையபடியே நின்றால், இந்த மெஷினிலேயே 20 மிமீ தகட்டில் ஸ்பிண்டிலுக்கு இன்னும் நல்ல பிடி ஒன்றை வெட்டிக்கொள்ளலாம்.